மினமாட்டா குளியல் படம்: யூஜின் ஸ்மித்தும் படத்துக்குள் இருப்பவர்களும்

வாசகர் கேள்வி, மார்ச் 3

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டபிள்யூ. யூஜின் ஸ்மித் மினமாட்டாவில் எடுத்த தாயும் மகளும் குளிக்கும் படத்தைக் குடும்பம் கேட்டது என்பதற்காக 1998இல் நிறுத்தி வைத்தார்கள். இது வரலாற்றுக்குச் செய்த துரோகம் என்பது என் கருத்து. ஆவணப் படம் எடுத்தவனுக்கும் உலகத்துக்கும் சொந்தம், வீட்டுக்காரருக்கு இல்லை. திருகோணமலையில் கமராவோடு திரிகிறவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்ச் 4, இரவு

உடன்பாடு இல்லை. துரோகம் பெரிய சொல், அதைத் தூக்கி அந்தக் குடும்பத்தின் தலையில் போட முடியாது. முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் இங்கே பாதிப்பேர் படத்தைப் பார்க்காமலே பேசுகிறார்கள்.

1971 டிசம்பர். ஜப்பானின் தெற்கில் மினமாட்டா என்ற கரையோர ஊர். தொமோகோ கமிமுராவுக்கு அப்போது 15 வயது. தாய் வயிற்றில் இருக்கும்போதே பாதரச நஞ்சு ஏறிப் பிறந்த பிள்ளை. நடந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. குளிக்க வார்ப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் தாய் ரியோகோதான். ஸ்மித்தும் மனைவி ஐலீனும் அந்த வீட்டுக்குப் போய்வந்து பழகிய பிறகு, குளிக்க வார்க்கும் நேரத்தில் எடுக்கலாம் என்று சொன்னதே தாய்தான். படத்தில் தண்ணீருக்குள் தாய் மகளை மடியில் ஏந்தியிருக்கிறாள். பிள்ளையின் கால்கள் குச்சி மாதிரி, கை மணிக்கட்டோடு முறுகி நிற்கிறது, கண்கள் மேலே எங்கேயோ பார்க்கின்றன. சுற்றிவர இருட்டு. தாயின் பார்வை மகளின் முகத்தை விட்டு அசையவில்லை. அழுகிற முகம் இல்லை அது, தினமும் செய்கிற வேலையைச் செய்யும் முகம்.

1972 ஜூனில் லைஃப் சஞ்சிகையில் வந்தது. உலகம் முழுக்கப் போனது. தொமோகோ 1977இல் 21 வயதில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் இருபது வருடம் அந்தப் படம் கண்காட்சிகளிலும் புத்தகங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெற்றோர், பிள்ளையை இனி ஆறவிட வேண்டும் என்றார்கள். ஸ்மித் அப்போது உயிரோடு இல்லை. உரிமையை வைத்திருந்த ஐலீன் 1998இல் அதைப் பெற்றோரிடமே கொடுத்தார். இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தது?

மார்ச் 5, காலை

மூதூரில் இருந்து ஒருவர், "படத்தால் அந்தக் குடும்பத்துக்குக் காசு வந்திருக்குமே" என்று எழுதியிருக்கிறார். இதே பேச்சுத்தான் மினமாட்டாவிலும் அவர்களின் காதில் விழுந்தது. படத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள் என்று அயலில் கதை கட்டினார்கள். காசு வரவில்லை. வீட்டுக்குள் ஒரு நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே இந்தக் கதையையும் கேட்டுத் திரிந்த ஒரு தாயிடம் போய், உலகத்துக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 5, பின்னேரம்

பாதரசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை. அசிற்றல்டிஹைட் என்ற இரசாயனத்தைத் தயாரிக்கப் பாதரசத்தை ஊக்கியாகப் பாவித்தார்கள். 1932 முதல் 1968 வரை கழிவு நேரே குடாவுக்குள் போனது. அதிலிருந்த மெதில் பாதரசம் மட்டியிலும் மீனிலும் ஏறி, மீனிலிருந்து மனிதருக்கு வந்தது. முதலில் பூனைகள் துள்ளித் துடித்துக் கடலில் விழுந்தன. பிறகு மீனவ வீடுகளில் கை நடுங்கியது, நாக்குத் தடித்தது, கண் பார்வை சுருங்கியது. 1956 மே மாதம் நோய் முதன்முதலாகப் பதிவானது. 1959இல் தொழிற்சாலையின் சொந்த ஆஸ்பத்திரி டொக்டர் ஹொசொகவாவே கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்து விளங்கிக்கொண்டார், நிறுவனம் அதை வெளியே விடவில்லை. அரசாங்கம் வாயைத் திறக்க 1968 ஆனது.

தாய்க்கு ஏறும் நஞ்சு பிள்ளைக்குப் போகாது என்றுதான் அதுவரை டொக்டர்மாரும் நம்பினார்கள். மினமாட்டாவில் அது தலைகீழாகியது. பிள்ளை நஞ்சை வாங்கிக்கொண்டது, தாய் தப்பினாள். தொமோகோவைத் தன் பொக்கிஷம் என்று ரியோகோ சொன்னதன் காரணம் அது. எனக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வரவேண்டியதை இவள் தாங்கிக்கொண்டாள் என்ற நினைப்பு. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

மீன் இல்லாமல் ஒரு நாள் கறி வைக்காத ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். காலையில் கொட்பே பக்கம் இறங்கிய மீனை மத்தியானம் சட்டியில் பார்க்கிறோம், கேள்வி கேட்காமல் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். மினமாட்டாத் தாய்மாரும் அதைத்தான் செய்தார்கள்.

மார்ச் 6, இரவு

ஸ்மித் ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள். சுருக்கமாக வராது.

பிறந்தது 1918 டிசம்பர் 30, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா. பதினைந்து வயதளவிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்தார். தகப்பன் தானிய வியாபாரி, பொருளாதாரம் சரிந்து 1936இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவைப் பத்திரிகைகள் எழுதிய விதம் மகனைச் சுட்டது. பத்திரிகையை விட்டே போய்விட நினைத்தவர், பிறகு உள்ளே இருந்தே நேர்மையாகச் செய்வது என்று முடிவெடுத்தார். நியூயோர்க் போய் நியூஸ்வீக்கில் சேர்ந்தார், சின்னக் கமரா பாவிக்கக் கூடாது என்றார்கள், கேட்கவில்லை, வேலை போனது.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகள். சைப்பான், இவோ ஜிமா, ஒக்கினாவா. சைப்பானில் 1944இல் எடுத்த ஒரு படத்தில், மலையில் கண்டெடுத்த சாகக் கிடக்கும் ஒரு கைக்குழந்தையைச் சிப்பாய் ஒருவன் தூக்கிப் பிடித்திருக்கிறான். எந்தப் பக்கத்தின் வெற்றியும் அதில் இல்லை. எங்களைப் போல் ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1945 மே மாதம் ஒக்கினாவாவில் ஷெல் துண்டு முகத்தையும் கையையும் பிய்த்தது. இரண்டு வருடம் சத்திரசிகிச்சை மேல் சத்திரசிகிச்சை. கமராவைப் பிடிக்க முடியுமா என்றே தெரியாத நிலையில், 1946இல் தன் இரண்டு சின்னப் பிள்ளைகளும் மரங்களுக்குள்ளிருந்து வெளிச்சத்துக்கு நடந்து போவதை எடுத்தார். உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும் அந்தப் படம் தெரிந்திருக்கும். 1955இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஸ்டைக்கன் வைத்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியை முடித்து வைத்த படம் அதுதான்.

லைஃப் சஞ்சிகைக் காலம்: 1948இல் கொலராடோவின் கிரெம்லிங் என்ற சின்ன ஊரில் டொக்டர் சிரியானியோடு 23 நாள். முதலில் பிலிம் போடாத கமராவோடு சுற்றினார் என்று சொல்வார்கள், ஆள் பழக வேண்டும் என்பதற்காக. 1951இல் தென் கரோலினாவில் மோட் காலன் என்ற கறுப்பினத் தாதியைப் பற்றிய தொடர். அதைப் பார்த்த வாசகர்கள் காசு அனுப்பி, 1953இல் அவருக்கு ஒரு சிகிச்சை நிலையமே எழும்பியது. படத்தால் ஒரு மாற்றமும் வராது என்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

மார்ச் 7

"அவர் படத்தில் வெட்டி ஒட்டுகிறவர், அவரை எப்படி ஆவணக்காரர் என்பது?" என்ற கேள்வி நியாயமானது. இதை நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். 1950இல் ஸ்பெயின் கிராமத்தில் எடுத்த செத்தவீட்டுப் படத்தில் இரண்டு பெண்கள் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சுப் போடும்போது கண்ணின் வெள்ளையில் கைவைத்து அந்தப் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டார். 1954இல் ஆபிரிக்காவில் எடுத்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் படத்தில் கீழ் மூலையில் தெரியும் கையும் மரம் அரியும் வாளின் பிடியும் வேறொரு நெகட்டிவிலிருந்து வந்தவை. இந்த இரண்டாவதை நான் ஏற்கவில்லை. கமராவுக்கு முன்னால் அந்த நேரம் இல்லாத பொருளைக் கொண்டுவந்து வைத்தால், எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், அது சாட்சி இல்லை. கண் விஷயத்தையும் நான் செய்ய மாட்டேன், ஆனால் அதன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

மற்றபடி இருட்டறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது வேறு. ஸ்மித் ஒரு அச்சுக்கு நாள்கணக்கில் நிற்பார், தூரிகையில் வெளிறச் செய்யும் மருந்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சத்தை எடுப்பார். மத்திய வீதிப் பக்கம் நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் முதலாளி ஐயா கையை எடுத்து என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் கீழே ஆட்டி ஆட்டி முகத்தை மீட்டெடுப்பார். சிவப்பு லைட்டில், தட்டில் கிடக்கும் காகிதத்தில் முதலில் புருவம் வரும், பிறகு தலைமயிர், கன்னம் கடைசியாகத்தான் வரும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக்கூட அந்த மனிதர் அவசரப்பட மாட்டார். யுத்த காலம், காகிதம் கிடைப்பதே பாடு. அந்த அச்சுகளில் சில இன்று வீடுகளில் மாலை போட்டுத் தொங்குகின்றன.

மார்ச் 8, இரவு

திருமலையில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைப் பேசும்போது சுகிர்தராஜனைச் சொல்லாமல் நகர முடியாது.

2006 ஜனவரி 2. கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று கதை கிளம்பியது. சுடர் ஒளிப் பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் வெளிவந்தன, துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன, அந்தக் கதை அதற்குப் பிறகு எடுபடவில்லை. மூன்று கிழமை போனது. ஜனவரி 24 அன்று இதே ஊரில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்கள் வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல இருந்தவர்கள் எப்படிப்பட்ட பயத்தில் இருந்தார்கள் என்பது இந்த ஊருக்குத் தெரியும். படங்கள் மட்டும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ஸ்மித்தைப் பற்றி உலகம் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறது. எழுத வேண்டியதுதான். ஆனால் கமரா பிடிக்கப் போகிற திருமலைப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் சுகிர்தராஜன். அவருக்கு நவீன கலை அருங்காட்சியகம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. போய் எடுத்தார்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் உடனே பிடித்துக்கொண்டார்: "அப்படியானால் செத்த பிள்ளைகளின் படத்தைக் காட்டலாம், தொமோகோவைக் காட்டக் கூடாதா? ஒரே வாயில் இரண்டு பேச்சு."

ஒரே பேச்சுத்தான். பிணவறைப் படங்கள் வெளிவந்தபோது, பிள்ளைகளைக் குண்டு வைத்திருந்தவர்கள் என்று சொல்லிப் புதைக்கப் பார்த்தார்கள். காட்டாவிட்டால் பெற்றவர்களுக்கு இரண்டாவது அடி விழுந்திருக்கும். தொமோகோவின் பெற்றோரும் 1971இல் அதே காரணத்துக்காகத்தான் கதவைத் திறந்தார்கள். அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ நீதிமன்றம் நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. படம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பொறுத்திருந்துவிட்டுத்தான் போதும் என்றார்கள். காட்டு என்று சொன்ன அதே வாய்க்கு, நிறுத்து என்று சொல்லவும் உரிமை உண்டு. இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது, இழந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரை 2017இலிருந்து இந்த ஊரிலும் வீதியோரத்தில் பார்க்கிறோம். லேமினேட் செய்த படத்தை நெஞ்சோடு பிடித்திருப்பார்கள். அந்தப் படங்களில் பல கடையில் என் மேசைக்கு வந்தவை. அடையாள அட்டையிலிருந்து, பள்ளிக்கூடக் குழுப் படத்தில் பின்வரிசையிலிருந்து, கலியாண வீட்டில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி தெரியும் முகத்திலிருந்து எடுத்துப் பெருப்பித்தவை. சுனாமியில் அல்பம் போனவர்களுக்கும், மூதூர்ப் பக்கத்திலிருந்து 2006இல் ஓடிவந்தவர்களுக்கும் மிஞ்சியது அவ்வளவுதான். ஒரு அம்மா, மகனின் நெற்றித் தழும்பைக் கணினியில் அழித்துவிடாதே தம்பி, அதை வைத்துத்தான் யாரும் அடையாளம் சொல்லுவினம் என்றார். அவர்களுக்குப் படம் வெளியே போக வேண்டும், எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். ரியோகோவுக்குப் படம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு தாய்க்கும் ஒரே சட்டத்தை எழுதி வைக்க என்னால் முடியாது.

மார்ச் 11

ஒரு தம்பி பிட்ஸ்பர்க் பற்றிக் கேட்டிருந்தார். 1955இல் அந்த நகரத்தைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு, மூன்று கிழமையில் நூறு படம் என்று பேச்சு. ஸ்மித் வருடக்கணக்கில் அதிலேயே கிடந்து, எடுத்துக் குவித்தது 17,000 அளவில். கலியாண அல்பம் ஒரு மாதம் பிந்தினாலே கடை வாசலுக்கு வந்து நிற்கிற மாமாமார், அந்த வேலையைக் கொடுத்த பதிப்பாசிரியர் லொரான்டை நினைத்துப் பாருங்கள்! அப்புறம் 1957இலிருந்து நியூயோர்க் ஆறாம் அவென்யூவில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்துகொண்டு, அங்கே வந்து வாசித்த ஜாஸ் கலைஞர்களைப் படமும் எடுத்தார், சுவரெல்லாம் மைக் போட்டு ஏறத்தாழ 4,000 மணித்தியாலம் ஒலிப்பதிவும் செய்தார். குடும்பம் சிதறியது, கடன் ஏறியது, குடியும் மாத்திரையும் கூடியது. இதைப் பெருமையாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள் என்பதும் அந்த வாழ்க்கைக் கதைக்குள் இருக்கிறது.

மார்ச் 12

மினமாட்டாவுக்கு லைஃப் அனுப்பித்தான் போனார் என்று யாரோ எழுதியது சரியில்லை. லைஃப் வேலையை 1950களின் நடுவிலேயே விட்டுவிட்டார். ஷ்வைட்சர் கட்டுரையைத் தான் கேட்டபடி போடவில்லை என்ற சண்டை. 1971இல் தன் கண்காட்சிக்காக ஜப்பான் போனார், அங்கேயே ஐலீனைக் கலியாணம் செய்து, மினமாட்டாவில் நோயாளிகள் இருந்த பக்கத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்தார்கள். சில மாதம் என்று போனது மூன்று வருடம் ஆனது. ஐலீனின் தாய் ஜப்பானியர், பேச்சும் பழக்கமும் அவரால்தான் வந்தது, அவரும் படம் எடுத்தார். 1975இல் வந்த புத்தகத்தில் இருவர் பெயரும் உண்டு. ஸ்மித் ஒருவரின் சாதனை என்று எழுதுகிறவர்கள் ஐலீனை மறந்துவிடுகிறார்கள், இதை எங்கே பார்த்தாலும் திருத்துங்கள்.

1972 ஜனவரியில் நோயாளிகளோடு கோய் என்ற இடத்துத் தொழிற்சாலைக்குப் போனபோது நிறுவனத்தின் ஆட்கள் அடித்து நிலத்தில் மோதினார்கள். ஏற்கெனவே ஷெல் பட்ட உடம்பு, அதற்குப் பிறகு கண் பார்வையும் மங்கியது. வழக்குப் போடவில்லை. கவனம் நோயாளிகளிடமிருந்து தன் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

1978 அக்டோபர் 15, அரிசோனாவின் டூசோனில் இறந்தார். வயது 59. வங்கியில் 18 டொலர் இருந்ததாம்.

மார்ச் 14

இந்த இழை ஜப்பானிலேயே நிற்கிறது, கொஞ்சம் எங்கள் வீடுகளுக்கு வருவோம். தாய் பிள்ளையைக் குளிக்க வார்க்கும் படம் என்றவுடன் எனக்கு வருவது பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு. தண்ணி வார்க்கும் நேரம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஈரச் சட்டையோடு தலை குனிந்து நிற்கும், சுற்றிவர கமரா, பிறகு அந்தப் படங்கள் முகநூலில். தகப்பன் சம்மதம், தாய் சம்மதம், மாமி சம்மதம். பிள்ளையிடம் யார் கேட்டது? நான் தண்ணி வார்ப்பை எடுப்பதை விட்டுவிட்டேன், அலங்காரம் முடிந்து வந்த பிறகுதான் கமராவைத் தூக்குவேன். அதனால் சில வேலை கைவிட்டுப் போனது, போகட்டும். முன்பு எடுத்த வீடுகளில் ஒரு பிள்ளை இப்போது கம்பஸ் போகிற வயதில் தானாகக் கடைக்கு வந்து, அண்ணா அந்த பைல்களை அழித்துவிடுங்கள் என்றாள். அவள் முன்னாலேயே அழித்தேன். அந்தப் பிள்ளை கேட்டதற்கும் தொமோகோவின் பெற்றோர் கேட்டதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தொமோகோவால் வந்து கேட்க முடியவில்லை என்பதைத் தவிர.

மார்ச் 16, இரவு

கேள்வி கேட்டவர் இன்னொன்றைச் சொன்னார், அது என் மனதில் கிடக்கிறது. படத்தை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மினமாட்டா வெறும் பரீட்சைப் பதிலாகிவிடும் என்கிறார். அது உண்மைதான். 2020இல் ஸ்மித்தைப் பற்றி ஒரு திரைப்படம் வந்து, அந்தக் குளியல் படமும் மறுபடி பேச்சுக்கு வந்து வாக்குவாதம் ஆனது. இணையத்தில் ஒருபோதும் முழுதாக மறையவும் இல்லை, பழைய புத்தகங்கள் நூலகங்களில் இருக்கின்றன. ஆகவே நிறுத்தியதால் உலகத்துக்கு ஒன்றும் தெரியாமல் போகவில்லை. சுவரொட்டியாக, கண்காட்சி அழைப்பிதழாகத் தங்கள் பிள்ளையைக் காணாமல் இருப்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. தேடிப் போய்ப் பார்க்கிறவன், யாருடைய பிள்ளை, என்ன நடந்தது என்று வாசித்துவிட்டுப் பார்ப்பான். அது எனக்குப் போதும். அவருக்குப் போதாது என்றால், நாங்கள் இதில் ஒத்துப்போகாமலே இருக்கலாம்.

இங்கே இந்த இழையிலும் அந்தப் படத்தை யாரும் ஒட்ட வேண்டாம். ஒட்டிய இருவர் கேட்டவுடன் எடுத்துவிட்டார்கள், நன்றி.

மார்ச் 17

குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைப் படமெடுக்கப் போகும் தம்பிக்கு. லென்ஸ் எது என்று கேட்டாய், இருப்பது போதும். விடியமுன் வலை வளைக்கப் போகும்போதே போ, வலை கரைக்கு வரும்வரை வாடியில் அவர்களோடு இரு, தேநீர் தந்தால் குடி. கயிறு பிடிக்கச் சொன்னால் கமராவை வைத்துவிட்டுப் பிடி. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதே, கயிறு இழுக்கிறவனிடமும் கேள், மீனைத் தெரிந்து பிரிக்கிற பெண்களிடமும் கேள். அடுத்த முறை போகும்போது அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடு. போனில் அனுப்புவது கணக்கில்லை, தண்ணீர் பட்டுப் போன் போய்விடும். எந்தப் படம் வேண்டாம் என்கிறார்களோ, அதற்குப் பின்னால் பெயரையும் திகதியையும் எழுதித் தனியாக எடுத்து வை. வருடம் போன பிறகு மறுபடி போய்க் கேள், மனம் மாறியிருக்கும், இரண்டு பக்கத்துக்கும் மாறலாம்.

அச்சுக்குக் காகிதச் செலவு மட்டும் தா. ஞாயிறு கடை பூட்டு, மற்ற நாளில் பின்னேரம் வா.